தெருமறியலும் சிறைமறியலும்: ரொறன்ரோ கார்டினர் விரைவுச்சாலை மறிப்பும் (2009) பொதுவழித் தடைக் குற்றத்தின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

2009 மே 10ஆம் நாள் மாலை, ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கானோர் ரொறன்ரோ நகரின் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி அமர்ந்து, நள்ளிரவு வரை போக்குவரத்தை நிறுத்தினர். இந்நிகழ்வு புலம்பெயர் அரசியலின் ஓர் உணர்ச்சிமிக்க தருணமாகவே இதுவரை பெரிதும் பேசப்பட்டுள்ளது. பொதுவழியைத் தடுத்தல் என்னும் குற்றத்தின் நீண்ட வரலாற்றில் அதற்குரிய இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இக்குற்றத்தைப் பொறுத்தவரை, சட்டத்தின் வாசகத்தைக் காட்டிலும் அதைப் பயன்படுத்தும் அதிகாரத்தின் விருப்புரிமையே விளைவைத் தீர்மானிக்கிறது என்பது இதன் முடிபு.

1. மறியல் என்னும் சொல்

'மறி' என்னும் வினையடி தடுத்தல், திருப்புதல் ஆகிய பொருள்களைத் தருவது. அதிலிருந்து பிறந்த 'மறியல்' என்னும் பெயர் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் இருவேறு வழியில் சென்றது. தமிழ்நாட்டில் 1920களின் கள்ளுக்கடை மறியல் முதல் இன்றைய சாலைமறியல், இரயில்மறியல் வரை, அது மக்கள் ஒன்றுகூடித் தடுக்கும் செயலைக் குறிக்கிறது. ஈழத்து வழக்கிலோ மறியல் என்பது சிறை. ஒருவர் 'மறியலுக்குப் போனார்' என்றால் அவர் போராடப் போனார் என்று யாழ்ப்பாணத்து முதியவர் பொருள்கொள்ளமாட்டார். காவலில் அடைக்கப்பட்டார் என்றே கொள்வார். நீதிமன்றக் காவலைக் குறிக்கும் 'விளக்கமறியல்' என்னும் சொல் இலங்கையின் சட்டத்தமிழில் இன்றும் நின்று நிலவுகிறது.

ஒரு கரையில் மக்கள் அரசைத் தடுப்பது மறியல். மறு கரையில் அரசு மனிதரைத் தடுத்து வைப்பது மறியல். முதலாவது எப்போது இரண்டாவதாக மாறுகிறது, அம்மாற்றத்தை யார் முடிவுசெய்கிறார் என்பதே பொதுவழித் தடைக் குற்றத்தின் மையச் சிக்கல். ரொறன்ரோ நிகழ்வை விளங்கிக்கொள்ளவும் இக்கேள்வியே உதவும்.

2. வழியும் நீரும்: குற்றத்தின் தோற்றம்

ஆங்கிலப் பொதுச்சட்ட மரபில் நெடுஞ்சாலையும் படகு செல்லும் ஆறும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே எல்லார்க்கும் பொதுவான கடப்புரிமைக்கு உட்பட்டவை. அவற்றைத் தடுப்பவர் தனியொருவருக்கு அன்றிப் பொதுமக்கள் அனைவர்க்கும் தீங்கிழைக்கிறார் என்பதால், அச்செயல் 'பொதுத்தொல்லை' என்னும் குற்றமாகக் கொள்ளப்பட்டது. மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் சட்டமாகி, 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் இக்கருத்தை 283ஆம் பிரிவில் அடக்கியது. பொதுவழியிலோ நீர்வழிப் போக்குவரத்துத் தடத்திலோ எவருக்கேனும் ஆபத்து, தடை, ஊறு விளைவித்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்றது அப்பிரிவு. சென்னைக்கு உப்பும் விறகும் பக்கிங்காம் கால்வாயில் படகேறி வந்த காலத்தில், நீர்வழியைச் சாலையோடு இணைத்துச் சொல்வது வெறும் ஏட்டுச்சொல் அன்று.

அப்பிரிவில் சிறைத்தண்டனை இல்லை என்பது கருதத்தக்கது. சாலையையோ பாலத்தையோ படகு செல்லும் ஆற்றையோ சேதப்படுத்திப் போக்குவரத்துக்கு உதவாததாக்கினால், 431ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. வழியில் நிற்பது வேறு, வழியை அழிப்பது வேறு என்ற தெளிவு அச்சட்டத்தில் இருந்தது. 200 ரூபாய் என்ற வரம்பு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் மாறாதிருந்து, 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதாவில் 5,000 ரூபாயாக உயர்ந்தது. இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இந்தியச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டே அமைந்தது.

'பொதுமக்கள்' என்போர் யார் என்ற கேள்வியும் இச்சட்டத்தோடு உடன்பிறந்தது. தெருவில் ஊர்வலம் செல்லும் உரிமை எச்சமயத்தார்க்கும் உண்டு என்று, சேலத்தில் எழுந்த வழக்கொன்றில் 1883இல் மதராஸ் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. 1924இல் வைக்கத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. கோயிலைச் சுற்றிய வீதிகளில் தாழ்த்தப்பட்டோர் நடக்கக்கூடாது என்று வழியைத் தடுத்தது ஆதிக்கமும் அரசாணையும். சிறை சென்றோர் அத்தடையைக் கடந்து நடக்க முயன்றவர்களும் அவர்களுக்குத் துணைநின்ற பெரியார் போன்றோரும். வழியைத் தடுத்தவர் சட்டத்தின் காவலிலும், வழியில் நடந்தவர் சிறையிலும் இருந்த அந்நிகழ்வு, 'தடை' என்பது நடுநிலைச் சொல் அன்று என்பதைக் காட்டுகிறது.

3. இரு முன்னிகழ்வுகள்: 1961, 1987

ரொறன்ரோவில் சாலையில் அமர்ந்தோரின் பெற்றோர் தலைமுறைக்கு நினைவிலிருந்த முன்னிகழ்வு 1961ஆம் ஆண்டின் சத்தியாக்கிரகம். சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்ற சட்டத்தின் நடைமுறையை எதிர்த்து, அவ்வாண்டு பெப்ரவரி 20ஆம் நாள் சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையிலான தமிழரசுக் கட்சியினர் யாழ்ப்பாணக் கச்சேரியின் வாயில்களில் அமர்ந்தனர். அரசு அலுவலர் உட்செல்ல இயலவில்லை. போராட்டம் வடக்குக் கிழக்கின் பிற நகரங்களுக்கும் பரவியது. ஏப்ரலில் அரசு அவசரகால நிலையை அறிவித்துப் படையினரை அனுப்பித் தலைவர்களைப் பனாகொடை இராணுவ முகாமில் அடைத்தது. வாயிலை மறித்தமைக்குத் தண்டனைச் சட்டத்தில் இருந்த சிறு தண்டனையை அரசு நாடவில்லை. சாதாரணக் குற்றவியல் சட்டத்தைத் தாண்டி, விசாரணையற்ற தடுப்புக்காவலுக்கு அது நேரே சென்றது.

தமிழ்நாட்டில் 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் வன்னியர் சங்கம் நடத்திய சாலைமறியல் வேறொரு பாடம். இடஒதுக்கீடு கோரி வட மாவட்டங்களின் நெடுஞ்சாலைகளை மறித்தோரில் 21 பேர் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தனர். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு ஒதுக்கீடு ஆணையிடப்பட்டது. சட்டப்புத்தகத்தில் 200 ரூபாய் அபராதத்துக்குரிய செயல், களத்தில் உயிரை விலையாகக் கேட்டது. பின்னர் கோரிக்கையும் பெருமளவு ஏற்கப்பட்டது. சட்டம் சொல்லும் தண்டனைக்கும் தெருவில் கிடைக்கும் தண்டனைக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

4. ஒன்ராறியோவில் சட்டத்தின் நிலை

கனடாவில் குற்றவியல் சட்டம் நடுவணரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நீர்வழிகளைப் பொறுத்தவரை, ஆறுகளே முதல் நெடுஞ்சாலைகளாக இருந்த அந்நாட்டில், கப்பல் செல்லும் நீர்நிலைகளின் குறுக்கே அனுமதியின்றிக் கட்டுமானம் எழுப்புவதைத் தனிச் சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கட்டுப்படுத்தி வருகிறது. சாலைகளைப் பொறுத்தவரை, குற்றவியல் சட்டக்கோவையின் மூன்று பிரிவுகள் முதன்மையானவை.

முதலாவது, 423ஆம் பிரிவு. பிறரொருவரை, அவர் செய்ய உரிமையுள்ள ஒன்றைச் செய்யாதிருக்குமாறோ செய்யாதிருக்க உரிமையுள்ள ஒன்றைச் செய்யுமாறோ கட்டாயப்படுத்தும் நோக்குடன், சட்ட அதிகாரமின்றி நெடுஞ்சாலையைத் தடுப்பது 'அச்சுறுத்தல்' என்னும் குற்றம். ஐந்தாண்டு வரை சிறைக்குரியது. இரண்டாவது, 430ஆம் பிரிவு. சொத்தொன்றின் சட்டமுறையான பயன்பாட்டைத் தடுப்பதும் குறுக்கிடுவதும் 'சொத்துத் தீங்கு' ஆகும். எதையும் உடைக்கவேண்டியதில்லை, பயன்பாட்டைத் தடுத்தலே போதும். ஆயினும், செய்தி அறிவதற்கோ அறிவிப்பதற்கோ மட்டும் ஓரிடத்துக்கு அருகில் செல்வதனாலேயே ஒருவர் இக்குற்றம் இழைத்தவராகார் என்ற விதிவிலக்கும் அதே பிரிவில் உண்டு. மூன்றாவது, 180ஆம் பிரிவின் 'பொதுத்தொல்லை'. பொதுமக்களின் உயிர், பாதுகாப்பு, உடல்நலம் ஆகியவற்றுக்கு ஆபத்து நேரும்போது இது பொருந்தும்.

இவற்றுக்கு எதிரே நிற்பது 1982ஆம் ஆண்டின் உரிமைகள், சுதந்திரங்கள் சாசனம். அதன் 2ஆம் பிரிவு கருத்துரைக்கவும் அமைதியாகக் கூடவும் உரிமை அளிக்கிறது. 1ஆம் பிரிவு, சுதந்திரமான மக்களாட்சிச் சமூகத்தில் நியாயப்படுத்தத்தக்க எல்லைகளை அவ்வுரிமைக்கு விதிக்க இடமளிக்கிறது. எல்லை எது என்பதை முதலில் முடிவுசெய்பவர் நீதிபதி அல்லர். சாலையோரத்தில் நிற்கும் காவல் அதிகாரியே.

5. 2009: நடைபாதையிலிருந்து விரைவுச்சாலைக்கு

ரொறன்ரோத் தமிழரின் போராட்டம் சாலைமறியலாகத் தொடங்கவில்லை. சனவரி இறுதியிலும் மார்ச் நடுப்பகுதியிலும் நகர மையத்தில் பல்லாயிரம் பேர் கைகோத்து நின்ற மனிதச் சங்கிலிகள் நடைபாதைகளிலேயே நடந்தன. சட்டத்தின் நோக்கில் அவற்றில் குறைகாண ஏதுமில்லை. செய்தியேடுகளிலும் அவற்றுக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை. ஏப்ரலில் ஒட்டாவாவில் நாடாளுமன்றத்தின் முன்னுள்ள வெலிங்ரன் வீதியும், ஏப்ரல் இறுதியில் ரொறன்ரோவில் அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் முன்னுள்ள யூனிவர்சிற்றி அவெனியூவும் நாட்கணக்கில் மறிக்கப்பட்டன. அதே ஏப்ரல் 6ஆம் நாள் இலண்டனில் வெஸ்ற்மின்ஸ்ரர் பாலத்தைத் தமிழர் மறித்தனர். ஒவ்வொரு படியும் முந்தைய படி செவிமடுக்கப்படாமையால் எடுத்துவைக்கப்பட்டது என்பதைக் காலவரிசையே உணர்த்துகிறது.

மே 9 இரவும் 10 அதிகாலையும் முள்ளிவாய்க்காலில் எறிகணைகளால் நூற்றுக்கணக்கான பொதுமக்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தது. மறுநாள் கொழும்பிலிருந்த ஐக்கிய நாடுகள் பேச்சாளர் அதை இரத்தக்களரி என்று வருணித்தார். மே 10 ஞாயிற்றுக்கிழமை. கனடாவில் அன்னையர் தினம். மாலை 6 மணியளவில் ஸ்பாடைனா அவெனியூவின் ஏறுவழியாக மக்கள் விரைவுச்சாலைக்குள் நடந்தனர். பெண்களும் குழந்தைகளும் முன்வரிசையில் இருந்தனர். தரைக்கு மேல் தூண்களில் செல்லும் அப்பகுதியில், நடந்துசெல்வோருக்கு இடமே இல்லை. இரு திசைகளிலும் போக்குவரத்து நின்றது. காவல்துறை கலகத் தடுப்பு அணியினரை நிறுத்தியது. ஆனால் கூட்டத்தை வலிந்து அகற்றவில்லை. அன்றைய எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் தலைவர் மைக்கேல் இக்னற்றியெவ் தரப்பிலிருந்து, இப்பொருள் நாடாளுமன்றத்தில் எழுப்பப்படும் என்ற உறுதிமொழி வந்தபின், நள்ளிரவை ஒட்டி மக்கள் இறங்கிச் சென்றனர். ஒருசிலரே கைதாயினர். போர் மே 18, 19ஆம் நாள்களில் முடிவுக்கு வந்தது.

மறுநாளிலிருந்து விவாதம் சாலையைப் பற்றியதாக மாறியது. நகரத் தலைவர்களும் மாகாணத் தலைவர்களும் கோரிக்கையின் மீது அனுதாபம் தெரிவித்தவாறே வழிமுறையைக் கண்டித்தனர். குழந்தைகளை முன்னிறுத்தியமை பெருங்குறையாகச் சுட்டப்பட்டது. தமிழரிடையேயும் இரு கருத்துகள் உருவாயின. பெற்ற அனுதாபத்தை ஓரிரவில் இழந்தோம் என்றனர் ஒரு சாரார். அதுவரை பெயரே தெரியாதிருந்த இடத்தைக் கனடா அன்றிரவுதான் அறிந்தது என்றனர் மறு சாரார்.

இங்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. அப்போது லிபரல் கட்சியின் வெளியுறவு விமரிசகராக இருந்தவர் பொப் ரே. 1989இல் ஒன்ராறியோ எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது, ரெமகாமி பழங்குடி மக்களின் நிலத்தில் காடு வெட்டுவதற்கான சாலையை எதிர்த்த மறியலில் அமர்ந்து அவரே கைதானவர். அடுத்த ஆண்டே அவர் அம்மாகாணத்தின் முதல்வரானார். சாலையை மறித்துக் கைதாவது ஒன்ராறியோவின் பொதுவாழ்வில் அழியாக் கறையாக அக்காலத்தில் கருதப்படவில்லை.

6. பொறுப்பு எவருடையது?

அன்றிரவு நடந்தது சட்டப்படி குற்றமா? சாலையின் பயன்பாடு தடுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. எனவே 430ஆம் பிரிவின் புறக்கூறு நிறைவேறியது. செய்தி அறிவிப்பதற்கான விதிவிலக்கு, ஆறு மணிநேரம் சாலையையே அடைத்திருந்தமைக்கு எளிதில் பொருந்தாது. 423ஆம் பிரிவோ சிக்கலானது. மறிக்கப்பட்டவர்கள் வாகன ஓட்டிகள், வற்புறுத்தப்பட்டது நடுவணரசு. ஓட்டிகளிடமிருந்து கூட்டத்தினர் எதையும் கேட்கவில்லை. கட்டாயப்படுத்தும் நோக்கம் யாரை நோக்கியது என்பதை அரசுத்தரப்பு நிறுவவேண்டியிருந்திருக்கும். 180ஆம் பிரிவின்படி உயிராபத்து வாதம் வலுவானதே. ஆனால் அந்த ஆபத்துக்கு முதலில் உள்ளானவர்கள் மறித்தவர்களும் அவர்தம் குழந்தைகளுமே.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. செயல் கூட்டத்தினுடையது, குற்றப்பொறுப்போ தனியொருவருடையது. வேலைநிறுத்த மறியலொன்றிலிருந்து எழுந்த மம்மொலிட்டா வழக்கில் 1983இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு வகுத்த நெறி இன்றும் வழிகாட்டுகிறது. வழியை உடலால் மறித்து நிற்பவர் நேரடிக் குற்றவாளி. சொல்லாலோ செயலாலோ அவரை ஊக்குவிப்பவர் உடந்தையாளர். கூட்டத்தில் ஒருவராக நிற்பதே சில சூழலில் பங்கேற்பாகலாம். ஆனால் வெறுமனே அங்கிருந்தமை மட்டும் போதாது. இந்நெறியை ஆயிரக்கணக்கானோருக்குப் பொருத்துவதாயின், ஒவ்வொருவரும் எங்கு நின்றார், எதை அறிந்திருந்தார், எந்நோக்குடன் ஏறினார் என்று தனித்தனியே மெய்ப்பிக்கவேண்டும். கூட்டம் பெருகப் பெருகக் குற்றம் பெரிதாகிறது; குற்றவாளியை மெய்ப்பிப்பதோ அரிதாகிறது.

இந்த இடைவெளியில்தான் விருப்புரிமை குடியேறுகிறது. அதற்கு மூன்று வழிகள் திறந்துள்ளன. பேசி இறக்குவது ஒன்று. சிலரைத் தேர்ந்து வழக்குத் தொடுப்பது மற்றொன்று. சாதாரணச் சட்டத்தை விட்டு அவசர அதிகாரத்துக்குத் தாவுவது மூன்றாவது. 1961இல் இலங்கை மூன்றாவதைத் தேர்ந்தது. 2009 மே 10 இரவில் ரொறன்ரோ பெரும்பாலும் முதலாவதைத் தேர்ந்தது. ஏறுவழியில் நின்ற குழந்தைகளை வைத்துக்கொண்டு, தரைக்கு மேல் உயர்ந்த சாலையிலிருந்து பலவந்தமாக மக்களை இறக்குவதன் ஆபத்து அத்தேர்வுக்குத் துணைநின்றிருக்கவேண்டும். சட்டம் அனுமதித்ததால் அம்மக்கள் வீடு திரும்பவில்லை. அதிகாரம் பொறுத்ததால் திரும்பினர்.

7. சுருங்கும் இடைவெளி: 2010 முதல் இன்று வரை

அதிகாரத்தின் பொறுமை உரிமை ஆகாது என்பதற்கு ஓராண்டுக்குள் சான்று கிடைத்தது. 2010 சூனில் ஜி-20 மாநாட்டின்போது, அதே காவல்துறைத் தலைவர் பில் பிளேயரின் கீழ், அதே நகரில் 1,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். குவீன் வீதியும் ஸ்பாடைனா அவெனியூவும் சந்திக்குமிடத்தில், வழிப்போக்கர் உட்பட நூற்றுக்கணக்கானோர் மழையில் மணிக்கணக்கில் சூழ்ந்து நிறுத்தப்பட்டனர். இம்முறை வழியை மறித்தது காவல்துறையே. கைதானோர் சார்பில் தொடுக்கப்பட்ட கூட்டுவழக்கு 2020இல் 165 இலட்சம் டொலர் இழப்பீட்டுடன் முடிந்தது.

2020இல் பழங்குடியினருக்கு ஆதரவான தொடருந்துப் பாதை மறியல்களை அடுத்து, அல்பேர்ட்டா மாகாணம் இன்றியமையா உட்கட்டமைப்பைத் தடுப்பதைத் தனிக்குற்றமாக்கியது. 2022 பெப்ரவரியில் பாரவுந்துகள் ஒட்டாவாவின் வெலிங்ரன் வீதியையும் வின்சர் நகரின் அம்பாசடர் பாலத்தையும் மறித்தபோது, நடுவணரசு பெப்ரவரி 14ஆம் நாள் அவசரநிலைச் சட்டத்தைக் கையிலெடுத்தது. அது நியாயமற்ற முடிவென்று 2024 சனவரியில் நடுவண் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அம்மறியலின் அமைப்பாளர் இருவர் 2025இல் சொத்துத் தீங்குக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். ஒன்ராறியோ 2022இல் இயற்றிய சட்டம், எல்லைக் கடவைகளையும் விமான நிலையங்களையும் தடுப்போருக்கு 100,000 டொலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கிறது. வேறு போக்குவரத்துக் கட்டமைப்புகளை ஒழுங்குவிதியால் சேர்க்கவும் அது இடமளிக்கிறது.

வெலிங்ரன் வீதியை 2009இல் தமிழரும் 2022இல் பாரவுந்தினரும் மறித்தனர். கோரிக்கைகளுக்கிடையே ஒப்புமை இல்லை. ஆனால் தடைக் குற்றத்தின் வாசகம் கோரிக்கையைக் கேட்பதில்லை. ஒரு தரப்பின் மறியலுக்காகக் கூர்தீட்டப்படும் சட்டம் அடுத்த தரப்பின் மீதும் பாயும்.

பிற நாடுகளிலும் இதே போக்கு. இங்கிலாந்தில் 1999இல் பிரபுக்கள் சபை, பிறர் கடந்துசெல்வதை நியாயமற்ற முறையில் தடுக்காத அமைதியான கூட்டமும் நெடுஞ்சாலையின் முறையான பயன்பாடே என்று பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. 2022இல் அங்கே பொதுத்தொல்லை பத்தாண்டு வரை சிறைக்குரிய சட்டக்குற்றமாக எழுதப்பட்டது. இந்திய உச்சநீதிமன்றம் ஷாஹீன் பாக் வழக்கில் 2020 அக்டோபரில், பொதுவழிகளைக் காலவரையின்றி அடைக்கவியலாது என்றது.

8. முடிவுரை

கார்டினர் நிகழ்வு குறித்துப் புலம்பெயர் தமிழரிடையே நிலவும் இரு நினைவுகளும் ஒரு திருத்தத்தை வேண்டுகின்றன. அது வெட்கத்துக்குரிய சட்டமீறல் மட்டுமே என்போர், நடைபாதையில் நின்ற மாதங்களையும் அப்போது கிடைத்த மௌனத்தையும் கணக்கில் கொள்வதில்லை. அது கனடா வழங்கிய உரிமையின் வெளிப்பாடு என்போர், அன்றிரவு தம்மைக் காத்தது சாசனம் அன்று, ஒரு காவல்துறையின் கணிப்பே என்பதை மறந்துவிடுகின்றனர். அந்தக் கணிப்பு அடுத்த ஆண்டே வேறாக இருந்தது. சட்டங்களும் பின்னர் இறுகின.

பொதுவழியில் எல்லார்க்கும் உள்ள கடப்புரிமை பெறுமதி மிக்கது. மருத்துவ ஊர்தியும் கூலித்தொழிலாளியின் பேருந்தும் அவ்வழியேதான் செல்கின்றன. அவ்வுரிமையைக் காக்கும் சட்டம் தேவை. ஆயினும் தடையின் காலம், இடம், ஆபத்து, மாற்றுவழி ஆகியவற்றை எடைபோடும் நெறிகள் வெளிப்படையாக எழுதப்படவேண்டும். அதிகாரியின் மனப்போக்கிலும் கூட்டத்தின் மீது நகரம் கொண்ட பரிவிலும் அவற்றை விட்டுவிடலாகாது. பரிவு பெறாத கூட்டமே பெரும்பாலும் சாலைக்கு வருகிறது. ரொறன்ரோத் தமிழர் 2009இல் அத்தகைய கூட்டமாகவே இருந்தனர். தெருமறியல் சிறைமறியலாக மாறும் புள்ளியை முன்கூட்டியே அறிந்துகொள்ளும் உரிமை, அடுத்து அச்சாலையில் ஏறப்போகும் எம்மக்களுக்கும் உண்டு. அவர்களின் கோரிக்கை தமிழர்க்கு உவப்பானதாக இல்லாவிடினும் அவ்வுரிமை குறைவதில்லை.